வலுவான மின்காந்தம் வேண்டுமா? கம்பியைக் கவனியுங்கள்

மின்காந்தம் செய்யும்போது சுற்றுகளைக் கூட்டினாலே இழுவிசை கூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே பேட்டரி, அதே கம்பி என்றால் அப்படி நடப்பதில்லை. சுற்று இரண்டு மடங்கானால் மின்தடையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகி, மின்னோட்டம் பாதியாகிவிடும்; அதனால் இழுவிசை ஏறக்குறைய அப்படியே இருக்கும். லாபம், சூடு குறைவதுதான். இழுவிசை கூட வேண்டுமென்றால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். அது கேட்கும் மின்னோட்டத்தை பேட்டரியும் தர வேண்டும்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் 26 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) எனாமல் கம்பி, அதாவது மின்காப்புப் பூச்சுள்ள செம்புக் கம்பி, 50 மீட்டர் வாங்குங்கள். மின்தடை சுமார் 5 ஓம். 6 வோல்ட் கொடுத்தால் ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடும். வீட்டு மின்சாரத்தில் இணைக்கவே கூடாது.

10 மி.மீ. சாதாரண இரும்பு போல்ட்டைத் தணலில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள்ளேயே மெல்ல ஆறவிடுங்கள். இரும்பு மிருதுவாகி, மின்சாரத்தை நிறுத்தியதும் பிடியை விடும். ஆறியபின் போல்ட்டின் மேல் காகிதம் சுற்றி, அதன்மேல் கம்பியை ஒரே திசையில் நெருக்கமாகச் சுற்றுங்கள். கம்பியின் இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் செம்பு பளபளக்கும்வரை தேயுங்கள்; 'காந்தம் வேலை செய்யவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

போல்ட்டின் முகத்தையும் அரத்தால் சமமாக்குங்கள். போல்ட்டுக்கும் அது இழுக்கும் இரும்புக்கும் நடுவே காகிதத் தடிமன் இடைவெளிகூட இழுவிசையை வெகுவாகக் குறைத்துவிடும்.