வேகத்துக்கான முதல் சலான்: கட்டுவதா, மறுப்பதா?

அதிவேகம் என்று 1,000 ரூபாய்க்கு இ-சலான் குறுஞ்செய்தி வந்தது. வெள்ளைக் கார், என் எண்தான். அன்று அந்தச் சாலையில் போனதாக நினைவே இல்லை.

பக்கத்துக் காவல் நிலையத்தில் கேட்டேன். அது தங்கள் வேலையில்லை என்றார்கள். உதவி எண்ணில் இரண்டு நாள் போனது. "ஆயிரம்தானே, கட்டிவிடு" என்றார் அண்ணன். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் நிறுத்திவைத்தேன்.

அப்புறம்தான் இ-சலான் தளத்தில் படத்தை இறக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எண்பலகையின் கடைசி எண் 3. அதன் இடது ஓரத்தில் ஒரு திருகாணித் தலை. அதனால் என் எண்ணின் கடைசி 8 போலத் தெரிந்திருக்கிறது. பின்கண்ணாடியில் வைப்பரும் இல்லை, என் காரில் உண்டு. மோட்டார் வாகன விதி 167ஏ-படி எண்பலகை படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அதே தளத்தின் புகார்ப் பகுதியில் சலான் எண்ணைக் கொடுத்து, ஆர்சி (வாகனப் பதிவுச் சான்று) நகலையும் என் காரின் பின்பக்கப் படத்தையும் இணைத்து, இந்த இரண்டு வித்தியாசங்களை மட்டும் எழுதினேன். ஒன்பதாம் நாள் சலான் ரத்தானது. பெரிய நிம்மதி.

படத்தில் இருப்பது உங்கள் வண்டியேதான், வேகமும் உண்மை என்றால் தாமதிக்காமல் கட்டிவிடுங்கள்.