நாய்ப் பூங்கா கேட்டு மனு கொடுக்கும் முன்

சின்ன ஊரில் "நாய்களுக்கு ஒரு பூங்கா வேண்டும்" என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "மனுஷனுக்கே பூங்கா இல்ல, நாய்க்கு ஒண்ணு கேக்குதா?" நாய் வளர்ப்பவர்களுக்கு இதைக் கேட்டதும் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் யோசித்து வைக்காமல் கிளம்புவதில்தான் முதல் சறுக்கல்.

நாய் வளர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குகிறார்கள். தங்களுக்குள்ளேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு நகராட்சிக்குப் போகிறார்கள். அந்தக் குழுவுக்கு வெளியே இருக்கும் ஊர்தான் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியைப் பலர் இன்னும் மறக்கவில்லை. பூங்கா, நாய் என்று சேர்த்துச் சொன்னாலே பிள்ளை பெற்றவர்களுக்கு அது ஞாபகம் வரும். ஆகவே "எங்கள் நாய்கள் ஓடியாட இடம் வேண்டும்" என்று மனுவை ஆரம்பிக்காதீர்கள். "நாய்களை ரோட்டிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் அவிழ்த்துவிடாமல் இருக்க, வேலி போட்ட தனி இடம் வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். கேட்பது அதே இடம்தான், ஆனால் இப்படிக் கேட்டால் நாய் பிடிக்காதவருக்கும் அதில் லாபம் தெரியும். தினமும் காலையில் கையில் தடியோடு நடைப்பயிற்சி போகிறாரே ஒரு பெரியவர், அவர் போடும் ஒரு கையெழுத்துக்கு உங்கள் குழுவின் மொத்தக் கையெழுத்தையும்விட மதிப்பு அதிகம்.

அடுத்து தெருநாய். உச்ச நீதிமன்றத்தில் 2025 ஆகஸ்டில் நடந்த வழக்குக்குப் பிறகு இந்தப் பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. "முதல்ல தெருநாய்க்கு ஒரு வழி பண்ணுங்க" என்பார்கள். "அது வேற, இது வேற" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். உண்மையில் வேறுவேறுதான், ஆனால் கடி வாங்கி ஊசி போட்டுக்கொண்டிருப்பவரிடம் அந்த விளக்கம் எடுபடாது. ஜூலை 6 உலக விலங்குவழி நோய் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த நாட்களை ஒட்டி கால்நடை மருத்துவமனைகளில் தடுப்பூசி முகாம் நடக்கும். உங்கள் குழு முன்னால் நின்று ஊரிலுள்ள வளர்ப்பு நாய்களை எல்லாம் அங்கே கூட்டிவரட்டும். நீங்கள் சோறு வைத்துப் பழக்கிய தெருநாய்களுக்கும் ஊசி போடச் செய்யுங்கள். அப்புறம் பூங்கா கேட்டால் காதுகொடுத்துக் கேட்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: பூங்காவைத் தெருநாய்க் காப்பகம் என்று யாரும் புரிந்துகொள்ளும்படி மனுவில் ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. அது பரவினால் அந்தத் தெருவே திரண்டு எதிர்க்கும்.

மனுவின் முதல் பத்தியிலேயே அரசியலமைப்பின் 51ஏ(ஜி) பிரிவு, 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்று அடுக்குவதும் வேண்டாம். விலங்குகளிடம் கருணை காட்டச் சொல்லும் அந்தப் பிரிவு, நகராட்சி உங்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதிகாரிக்கு அது மிரட்டலாகத்தான் படும்.

இடம் பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இருக்கிற சிறுவர் பூங்காவில் ஒரு மூலையைக் கேட்டால் கதை அன்றோடு முடிந்தது. ஏரிக்கரை சும்மாதானே கிடக்கிறது என்று நீர்நிலைப் புறம்போக்கைக் காட்டினால், வருவாய்த்துறை சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. கோயில் நிலம் என்றால் அறநிலையத்துறை வரை போகவேண்டும். பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். ஓ.எஸ்.ஆர். இடம் என்று சொல்வது அதைத்தான். அப்படி வந்த இடங்களில் எத்தனையோ சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. உங்கள் ஊரில் எவை, எங்கே என்ற பட்டியல் நகரமைப்புப் பிரிவில் இருக்கும். கேட்டுக் கொடுக்கவில்லையென்றால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தரவேண்டும்.

அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்கா என்று சொல்லப்படும் பெர்க்லியின் ஓலோன் பூங்கா 1979-இல் வந்தது, சுரங்க ரயில்பாதை வேலைக்காகக் காலிசெய்யப்பட்ட நிலத்தில். ஹைதராபாத் கொண்டாப்பூரில் மாநகராட்சி அமைத்த நாய்ப் பூங்காவும் அதற்கு முன் குப்பை கொட்டும் இடம். ஆக, யாரும் உரிமை கொண்டாடாத இடமே வசதி. ஆனால் காகிதத்தில் காலியாக இருப்பது சாயங்காலம் ஐந்தரைக்கும் காலியாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஸ்டம்புக்குப் பதில் செங்கல் அடுக்கி கிரிக்கெட் ஆடும் பையன்கள் இருப்பார்கள், ஆடு மேய்க்க வரும் பாட்டி இருப்பார். பையன்களின் பிட்ச்சைப் பிடுங்கிக்கொண்டு நாய்க்குக் கொடுத்தார்கள் என்ற பெயர் வந்தால், பூங்கா வந்தாலும் வேலி நிலைக்காது.

கொண்டாப்பூர் பூங்கா சுமார் 1.3 ஏக்கர், ஒரு கோடிக்கு மேல் செலவு. அதன் படங்களைப் பிரிண்ட் எடுத்துப் போய் ஆணையர் மேசையில் வைக்கிறார்கள். தெருவிளக்கு மாற்றவே நிதி பார்க்கும் நகராட்சிக்கு அதைக் காட்டினால் "நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். வேலி, இரண்டு கேட், தண்ணீர்த் தொட்டி, நிழல் இவ்வளவு மட்டும் கேளுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். அந்தப் பங்கைத் திரட்ட முடியும் என்று எழுதிக் கொடுத்தாலே உங்கள் மனுவைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.

எடுத்த எடுப்பில் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஓடுவதிலும் பயன் குறைவு. அங்கே வாங்கிய மனு "உரிய நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு அதே நகராட்சி ஆணையருக்குத்தான் திரும்பி வரும். அவரைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்ற வருத்தம் மட்டும் மிச்சம். முதலில் வார்டு கவுன்சிலர், அப்புறம் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா, பிறகு பொறியியல் பிரிவின் மதிப்பீடு, கடைசியில் நகர்மன்றத் தீர்மானம். தீர்மானம் ஆகாமல் ஒரு கம்பிகூட நட மாட்டார்கள்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்டால் பேவர் பிளாக் பதித்து, ஓரமெல்லாம் அரளி நட்டுவிடுவார். சித்திரை வெயிலில் அந்தக் கல் நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். அரளியோ இலை, பூ, தண்டு எல்லாமே நாய்க்கு நஞ்சு. மண் தரை போதும், வேம்பும் புங்கையும் போதும். வேலி நாலடியில் நின்றால் சிப்பிப்பாறையும் கன்னியும் சிரமமே படாமல் தாண்டும். முயல் பிடிக்க வளர்த்த இனங்கள். ஆறடி கேளுங்கள். கேட் கண்டிப்பாக இரட்டை. வெளிக் கேட்டைத் திறந்து உள்ளே வந்து, அதைத் தாழ் போட்டு, நடுவில் உள்ள சின்னக் கூண்டில் சங்கிலியை அவிழ்த்து, பிறகுதான் உள் கேட்டைத் திறக்கவேண்டும். ஒருவர் வரும்போது இன்னொருவர் நாய் தெருவுக்கு ஓடிவிடாது. கூடுதலாக ஆவது ஒரு கேட்டின் செலவுதான். ஆனாலும் மதிப்பீட்டில் முதலில் வெட்டப்படுவது இதுவாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காதபடி வடிகால் வேண்டும். தேங்கினால் எலிக்காய்ச்சல் நாயோடு நிற்காது, மனிதருக்கும் வரும்.

விதிமுறைகளைத் திறப்பு விழாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தடுப்பூசி அட்டை இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை, ஊசிகள் முடியாத குட்டிக்கும் பருவத்தில் இருக்கும் பெட்டைக்கும் அனுமதி இல்லை, எடுத்த மலத்தை எங்கே போடுவது என்பதெல்லாம் மனுவோடேயே இருக்கட்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். ஒரு குட்டி செத்தால் பூங்காவுக்கு யாரும் வரமாட்டார்கள்.

பராமரிப்பை நகராட்சி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் மிச்சமிருக்கும் தவறு. புல் வெட்ட, பூட்ட, குப்பைத்தொட்டியைக் காலி செய்ய ஆள் வேண்டும். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிந்து, வங்கிக் கணக்கு தொடங்கி, யார் எதைச் செய்வது என்று நகராட்சியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கமிஷனர் மாறுதலாகிப் போவார், கவுன்சிலரும் மாறலாம். புதிதாக வருபவர் கேட்கும்போது காட்டுவதற்கு அந்தக் காகிதம் உங்கள் கையில் இருக்கவேண்டும்.