பேசாப்படமும் ஆர்கன் இசையும்: திரையிடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேசாப்படம் ஒன்றை, குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் ஆர்கன் என்ற கருவியின் நேரடி இசையுடன் திரையிட முனைபவர்கள், வாசிப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையைப் படம் ஓடும் வேகத்தில் காட்டுவதில்லை. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வேகம் ஒலி வந்த பிறகே நிலைபெற்றது. அதற்கு முன்பு வேகம் படத்துக்குப் படம், சில சமயம் காட்சிக்குக் காட்சிகூட மாறியது. 35 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 16 ஃபிரேம்கள் என்பதால், நொடிக்கு 16 ஃபிரேம் வேகத்தில் 16 நிமிடம் 40 நொடி ஓட வேண்டிய 1,000 அடிச் சுருள், 24 ஃபிரேம் வேகத்தில் ஏறக்குறைய 11 நிமிடத்திலேயே முடிந்துவிடும். சவ ஊர்வலம் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது, ஆர்கன் எவ்வளவு உருக்கமாக ஒலித்தாலும் அரங்கம் சிரிக்கத்தான் செய்யும். அதற்காக எல்லாப் படங்களையும் 16-க்கு இறக்கிவிடுவதும் தவறே. 1920-களின் படங்களில் பல அதைவிட விரைவாகவே ஓட்டப்பட்டன. படத்துக்குரிய வேகத்தை முதலில் முடிவு செய்து, அதே வேகத்தில் ஓடும் பிரதியையே ஒத்திகைக்கும் தர வேண்டும்.

பேசும்படத்தில் ஒலித்தடத்துக்கு ஒதுக்கப்பட்ட இடத்தையும் பேசாப்படத்தின் பிம்பம் நிரப்பியிருந்ததால், புரொஜெக்டரில் பிம்பத்தின் எந்தப் பகுதி திரையில் விழும் என்பதை வரையறுக்கும் தகட்டை, பேசும்படத்துக்கானதிலிருந்து மாற்றாமல் ஓட்டினால் திரையில் இடப்பக்கம் வெட்டுப்படும்.

ஆர்கன் வடிவமைப்பாளர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் 1910-இல் அமெரிக்க இசைக்கருவி நிறுவனமான வுர்லிட்சரில் சேர்ந்த பிறகு அங்கே உருவான திரையரங்க ஆர்கன்களில் குழல்களோடு முரசு, சைலஃபோன், பறவைக் குரல், குதிரைக் குளம்போசை எல்லாம் இணைந்திருந்தன. இருப்பதாலேயே அவை அனைத்தையும் ஒலிக்கச் செய்வது, பக்கவாத்தியக்காரர் பாடகரை மறந்து தனி ஆவர்த்தனத்தில் இறங்குவதைப் போன்றது. தேவாலய ஆர்கனில் வாசிக்கும்போது எதிரொலியைக் கணக்கில் கொள்ளாதது இன்னொரு தவறு. கல் கட்டடத்தில் துரத்தல் காட்சிக்கான விரைவான சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். சுருதி சேர்ப்பதையும் குளிர்ந்த காலை நேரத்தில் முடித்துவிடக் கூடாது. மாலையில் கூட்டத்தால் அரங்கம் சூடேறும்போது சாதாரணக் குழல்களின் சுருதி உயரும். நாக்குத் தகடு உள்ள ரீட் குழல்கள் அந்த அளவுக்கு உயர்வதில்லை. இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் காதை உறுத்தும்.

எந்நேரமும் வாசித்துக்கொண்டே இருப்பதுதான், என் பார்வையில், வாசிப்பவர் செய்யும் தவறுகளில் பெரியது. 1925-இல் வெளிவந்த 'தி ஃபான்டம் ஆஃப் தி ஓபரா'வில் நடிகர் லான் சேனி ஆர்கன் முன் அமர்ந்து வாசித்துக்கொண்டிருக்க, நாயகி பின்னாலிருந்து வந்து அவரது முகமூடியைப் பறிக்கிறாள். அதுவரை அரங்கத்து ஆர்கனே அவர் வாசிக்கும் ஆர்கனாகக் கேட்க வேண்டும். முகமூடி அகலும் கணத்தில் பலர் குழல் வரிசைகளைத் திறக்கும் பிடிகளான ஸ்டாப்புகள் எல்லாவற்றையும் இழுத்து முழங்குவார்கள். திரையில் வாசிப்பு நின்றபின் இசை மட்டும் எங்கிருந்து வரும்? அங்கே கைகளையும் கால்களையும் எடுத்துவிட்டு, அந்த முகத்தை அரங்கம் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கலாம்.