காருக்கு அடியில் படிந்த ஒயிலும் அழுக்கும்: வீட்டிலேயே துப்பரவு செய்வது எப்படி

காரின் மேற்பக்கத்தை வாரம் தவறாமல் கழுவுகிறோம். அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பழைய ஆல்ட்டோவின் முன் சில்லுக்கு உட்பக்கம் கறுப்பாகக் களிபோல ஒன்று அப்பிக்கிடந்தது. சேர்விஸுக்கு விட்ட இடத்தில் மூன்று தடவை அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடித்தும் ஒருவரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. கடைசியில் காரைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தது. சில்லைச் சுழற்றும் தண்டான ட்ரைவ் ஷாப்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்து, மண் உள்ளே போய் ஜொயின்ட் தேய்ந்துவிட்டது. உறையை மட்டும் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை, ஷாப்ட்டையே மாற்றும் வேலையானது.

அன்றிலிருந்து அடிப்பக்கத்தை நானே துப்பரவு செய்கிறேன். அழகுக்காக இல்லை. ஒயிலும் மண்ணும் சேர்ந்து கெட்டியான பிறகு எங்கே கசிகிறது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. சுத்தமான இரும்பில் ஒரு துளி புதிதாக வந்தாலும் உடனே தெரியும். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய காரைக் கட்டிக் காத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் எந்த அழுக்கு என்று பாருங்கள்

அடியில் இருப்பது இரண்டு வகை. ஒன்று மண்ணும் உப்பும். கொழும்பில் மரைன் டிரைவ் பக்கம், காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் கார் நிற்கிறது என்றால் கடற்காற்றின் உப்பு அடியில் படியாமல் இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழையில் வெள்ளம் நின்ற ரோட்டில் ஓடினால் சேறும் சேரும். அந்தச் சேறு உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால் கறள் வேகமாக ஏறும். இதற்குத் தண்ணீர் போதும்.

மற்றது ஒயில் படிந்த அழுக்கு. இதில் தண்ணீரை முதலில் அடிப்பதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் விடும் பெரிய பிழை. ஒயில் தண்ணீரை ஒட்டவிடாது. அழுக்கு நகர்ந்து நல்ல இடத்திலும் பூசிக்கொள்ளும், கசிவின் தடமும் அழிந்துபோகும். இதைக் காய்ந்தபடியே சுரண்டி, பிறகு ஒயிலைக் கரைக்கும் டிகிரீசர் போட்டு, தண்ணீரைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும்.

இடமும் சாமான்களும்

சமமான சீமெந்துத் தரை வேண்டும். தொடர்மாடி வீட்டின் கார் நிறுத்துமிடம் இதற்குச் சரிவராது. நான் தெஹிவளையில் சித்தப்பா வீட்டு முற்றத்தில் செய்கிறேன். ரோட்டோரக் கானுக்குப் பக்கத்தில் செய்யவே வேண்டாம். கானில் விட்ட ஒயில் வெள்ளவத்தைக் கால்வாய்க்கோ தெஹிவளைக் கால்வாய்க்கோ போய், அங்கிருந்து நேராகக் கடலில் கலக்கும்.

காரைத் தூக்கும் ஜக், தூக்கிய காரைத் தாங்கும் இரண்டு ஜக் ஸ்டாண்ட், சில்லுக்கு அடை கொடுக்க இரண்டு மரக்கட்டை, பிளாஸ்டிக் அல்லது மர ஸ்கிரேப்பர், நைலோன் பிரஷ், ஒரு பழைய பல் பிரஷ், பழந்துணி, காட்போட் மட்டை, ஒரு பை மரத்தூள், கையுறை, கண்ணாடி. கண்ணாடியை விட்டுவிடாதீர்கள், சுரண்டும் அழுக்கு நேராக முகத்தில்தான் விழும். ஸ்டாண்ட் இல்லாதவர்கள் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரிக்கலாம்.

டிகிரீசர் வாங்கும்போது தண்ணீரில் கரைகிற, அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று லேபலில் போட்டிருப்பதை எடுங்கள். கோஸ்டிக் சோடா கலந்தது அலுமினியத்தை அரிக்கும். பல கார்களில் கியர்பொக்ஸ் உறை அலுமினியம்தான். பெற்றோலைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, நீங்கள் படுத்திருக்கும் இடத்திலேயே தேங்கி நிற்கும். ஒரு சின்னப் பொறி போதும். மண்ணெண்ணெய் பெற்றோல் அளவுக்கு ஆபத்தில்லை என்றாலும் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அதுவும் பற்றும். துணியில் கொஞ்சம் தொட்டு வெறும் இரும்பைத் துடைக்கலாம், ஊற்ற வேண்டாம்.

1. காரைத் தூக்குதல்

எஞ்சினை நிறுத்தி ஒரு மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். ஹான்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்கு அடை கொடுத்து, காரின் கைநூலில் காட்டியிருக்கும் இடத்தில் ஜக்கை வைத்து முன்பக்கத்தைத் தூக்குங்கள். அப்புறம் ஸ்டாண்ட் இரண்டையும் வைத்து, பாரத்தை அவற்றில் இறக்கி, காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். கழற்றிய ஸ்பேர் சில்லை அடியில் படுக்கையாகப் போட்டுவிடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடத்துக்குக்கூட அடியில் போகாதீர்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஸ்டாண்ட் ஆகாது, பாரத்தில் சட்டென்று வெடிக்கும். வீட்டில் வேறு யாராவது இருக்கும்போது மட்டும் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

2. காய்ந்தபடியே சுரண்டுதல்

முதலில் டோர்ச் அடித்து நாலைந்து போட்டோ எடுங்கள். பிறகு மட்டையை விரித்து, மேல் மரத்தூள் தூவி, கெட்டியாக இருப்பதை ஸ்கிரேப்பரால் தள்ளி விழுத்துங்கள். இரும்புத் தகடால் சுரண்டினால் கறள் பிடிக்காமல் காக்கும் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். பிரேக் குழாய், வயர் பக்கங்களில் பல் பிரஷ் மட்டும் போதும். பொறுமையாகச் செய்யுங்கள். இங்கே எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவுக்கு டிகிரீசர் மிச்சம், அழுக்குத் தண்ணீரும் குறையும்.

3. டிகிரீசர் போடுதல்

லேபலில் சொன்ன அளவில் கலந்து, ஒரு பகுதிக்கு மட்டும் தெளியுங்கள், ஒரு பாய் அகலம் போதும். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்கு முன் பிரஷால் தேயுங்கள். காய்ந்தால் வெள்ளைத் தழும்பு விழும். கரைந்து வருவதைத் துணியால் துடைத்தெடுத்து, தேவையென்றால் இன்னொரு தடவை போடுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் பேட்டிலும் பட விடாதீர்கள், அந்தப் பக்கத்தைப் பொலிதீன் பையால் மூடிவிட்டுத் தொடங்கலாம். எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் எயார் இன்டேக்குக்கும் மின்சாரம் தரும் அல்டர்னேட்டருக்கும் இதே கவனம் வேண்டும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அடியில் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த கேபிள் ஓடினால் அது உயர் மின்னழுத்தம். அதைச் சுரண்டவும் வேண்டாம், அதன் இணைப்புகளில் தண்ணீர் அடிக்கவும் வேண்டாம்.

4. தண்ணீர்

சாதாரண ஹோஸ் போதும். பிரஷர் வொஷர் இருந்தால் ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். ரப்பர் உறை, சீல், வயர் இணைப்பு ஆகியவற்றில் நேராக அடித்தால் தண்ணீர் உள்ளே புகும். சில்லு வளைவின் உட்பக்கத்தையும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியையும் நன்றாக அலசுங்கள், உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். அந்தப் பகுதியின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை தண்ணீர் வடிவதற்கு விட்டவை. மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடைத்த ஓட்டைக்குள் நிற்கும் தண்ணீர்தான் காரை உள்ளிருந்து தின்னும்.

காரை இறக்கியதும் முற்றத்திலேயே மெதுவாக உருட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிரேக் சரியாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு மட்டும் ரோட்டில் இறக்கி ஒரு சுற்று ஓடுங்கள். அந்தச் சூட்டில் ஈரமும் காய்ந்துவிடும்.

5. காய்ந்த பிறகு பார்த்தல்

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவு பாடும். இரண்டு நாள் வழக்கம்போல ஓடுங்கள். இரவில் நிறுத்தும்போது எஞ்சினுக்கு அடியில் ஒரு பழைய வீரகேசரியை விரித்து, முன் சில்லு இரண்டும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது, பயப்பட ஒன்றுமில்லை. மண்ணிறம் அல்லது கறுப்பு என்றால் அநேகமாக எஞ்சின் ஒயில். சிவப்பாக இருந்தால் ஓட்டோ கியர் ஒயிலாகவோ பவர் ஸ்டியரிங் ஒயிலாகவோ இருக்கலாம். மெனுவல் கியர் ஒயிலுக்குக் கந்தகம் போல ஒரு நாற்றம் உண்டு. பச்சை, ரோஸ், நீலம் என்று நிறமாக, இலேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். அது நஞ்சு, நாய் பூனை நக்காமல் உடனே கழுவிவிடுங்கள். சில்லின் உட்புறமாக இளமஞ்சளில் வழுவழுவென்று இருந்தால் பிரேக் ஒயிலாக இருக்கலாம். அப்படியென்றால் காரை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

துளி ஒன்றும் விழாமல் சில்லுப் பக்கம் மட்டும் வட்டமாகக் கிரீஸ் தெறித்திருந்தால், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து ரப்பர் உறையின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் இருக்கும்.

கசிவைச் சரிசெய்யும் வரை அடிப்பக்கத்துக்கு ஒன்றும் பூச வேண்டாம். எரிந்த ஒயிலை அடித்துவிட்டால் கறள் பிடிக்காது என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரப்பரைக் கெடுக்கும், மழையில் கழுவுண்டு போகும், நீங்கள் சுத்தமாக்கிய இடத்தையும் மறுபடி மறைத்துவிடும். கறள் தெரிகிற இடத்தைத் தேய்த்து, கறள் தடுக்கும் பெயின்ட் ஒரு பூச்சு கொடுங்கள், அது போதும்.

மரத்தூளையும் மட்டையையும் கூட்டி எடுத்துத் தடித்த பையில் கட்டுங்கள். மண்ணெண்ணெய் பட்ட துணியைக் குசினிப் பக்கம் வைக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். துளி விழுந்த அந்தப் பேப்பரை மட்டும் எறிய வேண்டாம். மடித்துக் காரில் வைத்து, போட்டோக்களோடு கராஜுக்குக் கொண்டுபோங்கள். சில்லு நின்ற அடையாளத்தையும் துளி விழுந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பக்கத்து சீலைத் தேடுவது என்று பாஸுக்கு உடனே விளங்கிவிடும்.