ஓடுகிற விசிறியை நின்றுவிட்டது என்ற சர்வர்

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனி மாடியில் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உப்புக்காற்றில் அதன் மூன்றாவது விசிறி இறுகிப்போனது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சத்தம் குறைவான ஒன்றை வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து பத்து விநாடிக்கு ஒருமுறை எல்லா விசிறிகளும் ஊளையிடும், அப்புறம் அடங்கும். "அண்ணே, பிளேன் கிளம்புற மாதிரி இருக்கு" என்றான் கணக்கு எழுதும் பையன்.

சர்வரின் உடல்நிலையைக் கேட்டறியும் ஐபிஎம்ஐடூல் என்ற மென்பொருளில் 'செல் இலிஸ்ட்' போட்டேன். சர்வர் குறித்துவைத்த நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் கட்டளை அது. மூன்றாவது விசிறி வரம்புக்குக் கீழே போனது, மீண்டது, போனது, மீண்டது. பட்டியல் முழுக்க இதே பாட்டு. ஒரு பதிவு 16 பைட்தான். ஆனாலும் இடம் நிரம்பி, அதற்குப் பிறகு நடந்த எதுவும் பதிவாகவில்லை. தேதி வரவேண்டிய இடத்தில் 'ப்ரீ-இனிட்'. அதாவது பிஎம்சிக்கு, சர்வரைக் கண்காணிக்கும் அந்தத் தனிச் சிப்புக்கு, மணியே தெரியாது.

புது விசிறி நிதானமாகச் சுற்றும்போது நிமிடத்துக்கு 420 சுற்று. மதர்போர்டு வைத்திருந்த கீழ்வரம்பு 500. விசிறி செத்துவிட்டது என்று பிஎம்சி பதறி எல்லாவற்றையும் முழு வேகத்தில் விரட்டியிருக்கிறது, பாவம்.

மூடியைத் திறக்காமல், பாகங்களின் விவரம் காட்டும் 'எஃப்ஆர்யூ பிரிண்ட்' கட்டளை மூலம் போர்டின் பார்ட் நம்பரை எடுத்து, கையேட்டைத் தேடிப் படித்தேன். பிறகு 'சென்சார் த்ரெஷ்' கட்டளையில் மூன்று நிலைக் கீழ்வரம்புகளை 100, 200, 300 என்று இறக்கினேன். பழைய பதிவுகளைக் கோப்பில் சேமித்து, நேரத்தைச் சரிசெய்து, 'செல் கிளியர்' போட்டுப் பதிவுகளைத் துடைத்தேன். ஊளை நின்றது.

மறுநாள் சாயங்காலம் 6:10க்கு ஒரு புதுப் பதிவு: பவர் சப்ளைக்கு மின்சாரம் போய் வந்திருக்கிறது. கீழே கம்ப்ரஸர் போடுகிற நேரம் அது.