காணாக்கடி ஆறு வாரம் தாண்டினால்

தடிப்பும் அரிப்பும் 6 வாரத்துக்கு மேல் மாறி மாறி வந்தால் அது நாள்பட்ட காணாக்கடி. பெரும்பாலும் வெளிக்காரணம் கிடைக்காது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் தாமாகவே தூண்டப்பட்டு, அரிப்பையும் தடிப்பையும் தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. பலருக்கு, கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் சொந்த எதிர்ப்பொருளே இந்தச் செல்களைத் தூண்டுகிறது. ஆகவே கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று எல்லாவற்றையும் நிறுத்தி உடம்பை வாட்ட வேண்டாம்.

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் தடமின்றி மறைய வேண்டும். மறையாமல் எரிச்சலோடு நின்று, கன்றிய தடம் விட்டால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைதான் மருந்து. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு செட்ரிசின் 10 மி.கி. அல்லது ஃபெக்ஸோஃபெனடின் 180 மி.கி., தினமும் ஒன்று. அரிக்கும்போது மட்டும் போடுவதுதான் பெரிய தவறு: ஹிஸ்டமின் வேலையைத் தொடங்கியபின் மாத்திரை தாமதம். செட்ரிசின் தூக்கம் தரும். டிராக்டர் ஓட்டுபவர்கள் கவனம். 2 முதல் 4 வாரத்தில் அடங்காவிட்டால் மருத்துவரே அளவை 4 மடங்கு வரை கூட்டுவார். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஒமாலிசுமாப் ஊசி, 4 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி.

டெல்டாவில் நடவு, அறுப்பு முடிந்த உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவது சாதாரணம். அது பலருக்குத் தடிப்பைக் கிளப்பும், பாராசிட்டமால் கேளுங்கள். உடனே அடங்குகிறதென்று ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும்.

நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ 108.