கிறிஸ்துமஸ் முடிந்த மழைக்காலத்தில் விசுவாசமும் மகிழ்ச்சியும் குறையாமல் இருக்க

ஆர்ச்சர்ட் ரோட்டு விளக்குகளைக் கழற்றிவிட்டார்கள், பள்ளி திறந்துவிட்டது, வெளியே மழை. டிசம்பர் முழுக்கப் பாடல் பயிற்சி, கேரல், கேக், விருந்தாளிகள் என்று ஓடிவிட்டு ஜனவரியில் வீடு திடீரென்று வெறிச்சென்று ஆகிவிடும். சிங்கப்பூரில் பனி கிடையாது, இந்த வடகிழக்குப் பருவமழைதான் நம் குளிர்காலம். அந்த வெறுமையை உடனே எதையாவது போட்டு நிரப்பாதீர்கள். கிறிஸ்துமஸின் முக்கியமான ஒரு பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது.

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பர்களோடு நிறுத்திவிடுகிறோம். 22-ஆம் வசனத்திலிருந்து 38 வரை எடுத்துக்கொண்டு, தினமும் இரண்டு மூன்று வசனம், சத்தமாக, தமிழில் வாசியுங்கள். பிள்ளை பிறந்து 40 நாள் கழித்து யோசேப்பும் மரியாளும் எருசலேம் ஆலயத்துக்குப் போகிறார்கள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12 அனுமதித்த புறாக்களைத்தான் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள். வானத்தில் தூதர் கூட்டம் இல்லை, நட்சத்திரம் இல்லை. ஆனாலும் கிறிஸ்துவைப் பார்க்கக் காத்திருந்த சிமியோன் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி, இனி நிம்மதியாகக் கண்மூடலாம் என்கிறார். 84 வயது விதவை அன்னாள், இரவும் பகலும் ஜெபத்திலேயே இருந்தவர், அந்த நேரத்தில் வந்து நின்று கர்த்தரைப் புகழ்கிறார். காத்திருந்த இந்த இரண்டு பேர்தான் இயேசுவை அடையாளம் கண்டுகொண்டார்கள். எனக்கு மேய்ப்பர்களைவிட இவர்கள்மேல் பிரியம் அதிகம், ஏனென்றால் அமைதியான நாட்களில் எப்படி வாழ்வது என்று இவர்களிடம்தான் கற்றுக்கொள்ள முடிகிறது.

அந்த 40-ஆம் நாள் பிப்ரவரி 2. பல திருச்சபைகளில் அன்று மெழுகுவர்த்திகளை மந்திரித்து ஏற்றுவார்கள். அதுவரை கிறிஸ்துமஸை ஒரே காலமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரைக்குமாவது குடிலையும் நட்சத்திரத்தையும் எடுக்காதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

அப்புறம், நடங்கள். யோவான் 10:22-23-இல் எருசலேமில் மாரிகாலம், இயேசு சாலொமோன் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று வருகிறது. அங்கேயும் அது மழை பெய்யும் பருவம்தான், அவரும் கூரைக்கு அடியில்தான் நடந்திருக்கிறார். நம் புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரைக்கும் கூரை போட்ட நடைபாதை இருக்கும்போது நமக்கு என்ன சாக்கு? இயர்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கடந்த வருடத்தில் கர்த்தர் செய்த ஒரு நன்மையை நினைத்து நன்றி சொல்லுங்கள், மனதில் பாரமாக இருக்கும் ஒரு ஆளின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், அதுக்குமேல் பேசாமல் நடங்கள். நாலைந்து நாளைக்கு ஒன்றும் நடக்காததுபோல்தான் தோன்றும், விடாதீர்கள்.

மகிழ்ச்சி வரவில்லை என்றால் நடிக்க வேண்டாம். அழுகையோடு எழுதின சங்கீதங்களும் வேதத்தில்தான் இருக்கின்றன. ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் போதகரிடமோ பாதிரியாரிடமோ மட்டுமல்ல, மருத்துவரிடமும் பேசுங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் எந்த நேரத்திலும் 1767-க்கு அழைக்கலாம், மன உளைச்சலில் இருப்பவர்களுக்கு உதவும் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) அமைப்பின் எண் அது. உதவி கேட்பது விசுவாசக் குறைவு இல்லை.

கடைசியாக, டிசம்பரில் எல்லாரும் போய்ப் பார்த்த, ஜனவரியில் யாரும் போகாத ஒருவரைப் போய்ப் பாருங்கள். தனியாக இருக்கும் சபைப் பாட்டியாக இருக்கலாம், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் வந்து போகும் தம்பியாக இருக்கலாம். பலகாரம் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள், சேர்ந்து ஒரு கீர்த்தனை பாடுங்கள், அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பாட்டி வீடு என்றால் முன்னாடியே போன் பண்ணிவிட்டுப் போங்கள், மதியம் தூங்குகிற நேரமாக இருக்கும்.